சாயம் ஏறாத சதை

அத்தியாயம் 6

எபினேசருக்கு இரண்டு சிறுநீரகங்கள் இருந்தன. இரண்டும் நன்றாக இருந்தன. அதுதான் சிக்கல்.

திருவள்ளூரில் அந்தத் தனியார் மருத்துவமனையின் பின்கட்டில், பரிசோதனைக் கூடத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மைக்ராஸ்கோப்புக்குள் எட்டிப் பார்த்தான் பார்த்திபன். துப்பறியும் சந்திரகலாவிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து அவன் சாவித் துவாரத்தில் பார்த்திருக்கிறான், ஜன்னல் இடுக்கில் பார்த்திருக்கிறான். ஒரு மனிதனின் சிறுநீரகத்துக்குள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"என்னடா தெரியுது?" என்றாள் சந்திரகலா.

"ரோஸ் கலர்ல ஒரே கூட்டம் மேடம். ஒவ்வொண்ணும் பெருசா செவப்புப் பொட்டு வெச்சிக்கினு நிக்குது. கல்யாண மண்டபத்துக்கு வந்த மாதிரி."

டாக்டர் தமிழ்செல்வி சிரிக்கவில்லை. அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது.

"அந்தப் பொட்டையும், அதைச் சுத்தி இருக்கற வெள்ளை வளையத்தையும் பாத்துதான் எனக்குச் சந்தேகமே வந்தது. கிட்னியில வர்ற புத்துநோய்ல இது ரொம்ப அபூர்வமான ஜாதி. என் சர்வீஸ்ல இதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன். இப்ப இந்த ஸ்லைடைப் பாருங்க."

கண்ணாடிச் சில்லை மாற்றி வைத்தாள்.

"அதே சதைதான். இதுல ஒரு சாயம் போட்டிருக்கேன். நம்ம உடம்புல எல்லாச் செல்லுலயும் இருக்க வேண்டிய ஒரு புரதம் இருக்கு. அது இருந்தா பழுப்பா சாயம் ஏறும். பக்கத்துல ரத்தக்குழாய் இருக்கு பாருங்க, நல்லா ஏறியிருக்கு. புத்துச் செல்லு மட்டும் வெளுத்துப்போய் நிக்குது. அதுங்கள்ல அந்தப் புரதம் இல்லவே இல்லை."

"திருவிழாவுல எல்லார் மேலயும் மஞ்சத்தண்ணி ஊத்தனாங்க, இதுங்க மட்டும் ஊட்டுக்குள்ள பூந்து கதவ சாத்திக்கிச்சுங்க," என்றான் பார்த்திபன்.

"பார்த்தி, நீயும் கொஞ்சம் சாத்திக்கோ," என்றாள் சந்திரகலா.

நடந்தது இதுதான். கும்மிடிப்பூண்டியில் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனித் தொழிலாளி, பெயர் எபினேசர், சிறுநீரில் ரத்தம் போகிறது என்று கம்பெனியின் இன்சூரன்ஸ் அட்டையோடு வந்தான். ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிந்தது. ஊசி விட்டுத் துளி சதை எடுத்தார்கள். முடிவு வருவதற்குள் ஆள் வீட்டுக்குப் போய்விட்டான், திரும்பவில்லை. மருத்துவமனையிலிருந்து விடாமல் போன் போட்டதில் ஒருவழியாக வந்தான். ஆபரேஷனுக்கு முன்னால் எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கட்டியைக் காணோம். கட்டி இருந்த தடம்கூடக் காணோம்.

ஊசி விட்டுச் சதை எடுத்தவர் எப்போதாவது வந்து போகிற டாக்டர். அன்று யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தார். ஸ்கேனும் சதையும் ஆள் மாறிப்போய்விட்டன என்று நிர்வாகம் முடிவு கட்டியது. எபினேசரிடம் மன்னிப்புக் கேட்டு, "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று கைகுலுக்கி அனுப்பி வைத்தது. அதோடு ஃபைலை மூடச் சொன்னது. தமிழ்செல்வியால் மூட முடியவில்லை. நிர்வாகத்துக்குத் தெரியாமல் மணவாள நகரில் சந்திரகலாவின் ஆபீஸ் படியேறியவள் அவள்தான். எபினேசரின் சதையை எடுத்த அதே நாளில் சதை எடுக்கப்பட்ட மற்ற இரண்டு பேரையும் சந்திரகலா தேடிப் பிடித்து மறுபடி சோதிக்க வைத்தாயிற்று. அவரவர் வியாதி அவரவரிடம் பத்திரமாக இருந்தது.

ஆக, இந்தச் சதைக்குச் சொந்தக்காரர் இல்லை.

"லேபிள் ஒட்டினது நான்," என்றாள் தமிழ்செல்வி. மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "இந்த ஜாதி சின்னதா இருக்கும்போதே பரவிடும். கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாம்ங்கற பேச்சே இதுல கிடையாது. யாரோ ஒருத்தர், நமக்கு ஒண்ணுமில்லைன்னு நெனச்சிக்கிட்டு எங்கயோ நடமாடிட்டு இருக்காங்க. நான் தினமும் வீட்டுக்குப் போறேன், சாப்பிடறேன், டிவி பாக்கறேன். எனக்கே வெக்கமா இருக்கு."

சந்திரகலா கேட்டாள்: "டாக்டர், இந்த நோய் கிட்னிக்குள்ளயேதான் குடியிருக்குமா? வேற எங்கயாவது வாலை நீட்டுமா?"

தமிழ்செல்வி தலையைத் தூக்கினாள். "நீட்டும். குடும்பத்துல பரம்பரையா ஓடும். கேன்சரா வர்றதுக்கு முன்னாடியே வேற அடையாளம் காட்டும்."

"பார்த்தி, வண்டியை எடுத்து வாசல்ல போடு."

சுவாரசியமான இடத்தில் வெளியே அனுப்பப்படுவது பார்த்திபனுக்குப் புதிதல்ல. முணுமுணுத்துக்கொண்டே போனான். வரவேற்பு மேஜையில் நம்பர் கூப்பிடும் பெண்ணும், அவள் பக்கத்தில் ஐஸ்கிரீம் கம்பெனியின் இன்சூரன்ஸ் விவகாரங்களைப் பார்க்கும் அருணாச்சலமும் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்குக் காசு கொடுக்கலாம் என்பதைவிட யாருக்குக் கொடுக்காமல் விடலாம் என்று கண்டுபிடிப்பதற்காகவே கம்பெனி அந்த மனிதரை அங்கே போட்டிருந்தது.

சந்திரகலா வெளியே வந்தபோது அவள் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே பார்த்திபனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"டாக்டர் இன்னா சொன்னாங்க மேடம்?"

"ரெண்டு அடையாளம் சொன்னாங்க. ஒண்ணு தோல்ல வரும். இன்னொண்ணு பொம்பளைங்களுக்கு மட்டும்."

"எனக்கு எதுனா இருக்குமோ?"

"உனக்கு வாயில வந்திருக்கு. மருந்து கிடையாதாம்."

*

பெரியபாளையம் வழியாகப் போய் கவரப்பேட்டை தாண்டுவதற்குள் சந்திரகலாவின் பழைய மாருதி இட்லிக் குண்டானாகிவிட்டது. அக்னி நட்சத்திரம். ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம், சிலுவை வரைந்த நீலக் கதவு என்று விலாசம் சொல்லியிருந்தார்கள்.

வாசலில் ஒரு லோடு ஆட்டோவின் அடியிலிருந்து எபினேசர் வெளியே வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில்லாத பனியன், முழங்கை வரைக்கும் கிரீஸ். "டாக்டரம்மா அனுப்புனாங்களா? வாங்க மேடம், குந்துங்க," என்றவன், உள்ளே போய் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து வந்து தலையிலும் இரண்டு கையிலும் கவிழ்த்துக்கொண்டான். "அப்பாடா!" என்று உடம்பைச் சிலிர்த்துக்கொண்டான்.

அவனுடைய தங்கை மெர்சி ஐஸ் மிதக்கும் மோர் கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். கடைசியாக, மூலையில் பாயில் உட்கார்ந்திருந்த தம்பி ஸ்டீவனுக்கு மட்டும் ஆவி பறக்கும் டீ. அவனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கலாம். அண்ணனை அச்சில் வார்த்த முகம், கொஞ்சம் இளைத்த பதிப்பு. அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு பட்டன்வரை மாட்டியிருந்தான்.

பார்த்திபனால் சும்மா இருக்க முடியுமா?

"இன்னா பிரதர், முழுக்கை சட்டை, சுடச்சுட டீ! ஊட்டியில ஊடு கட்டிக்கினு இருக்கறியா, இல்ல பொண்ணு ஊட்டுக்காரங்க எதுனா பாக்க வராங்களா?"

எபினேசர் சிரித்தான். மெர்சிகூட லேசாகச் சிரித்தாள். ஸ்டீவன் சிரிக்க முயன்றுவிட்டு, சட்டைக் கையை இன்னும் ஒரு விரற்கடை கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இப்ப உடம்பு எப்படி இருக்கு எபினேசர்?" என்றாள் சந்திரகலா.

"எனக்கு ஒண்ணுமில்லன்னு ஆஸ்பத்திரிலயே சொல்லிட்டாங்களே மேடம். யாருதையோ மாத்திட்டாங்களாம். கர்த்தர் கிருபை."

"ரத்தம் போனது நிஜம்தானே?"

"அது... உடம்பு சூடு மேடம். எளநி குட்ச்சேன், நின்னுபோச்சி." இதைச் சொல்லும்போது அவன் சந்திரகலாவைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த பாயைப் பார்த்தான்.

"கம்பெனில எந்த செக்ஷன்?"

"கோல்ட் ரூம். ஐஸ்கிரீம் பொட்டி அடுக்கற எடம்."

"இப்பவும் அங்கதானா?"

"இப்பவும் அங்கதான். இன்னிக்கி லீவு."

ஸ்டீவனின் டம்ளர் உதட்டுக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. பார்த்திபன் அதைப் பார்த்தான். டீ சூடு தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். இந்த லட்சணத்தில் இவன் விசிட்டிங் கார்டில் 'துப்பறிவாளர்' என்று போட்டுக்கொண்டிருந்தான்.

*

கம்பெனி வாசலுக்கு எதிரே டீக்கடையில் அப்பாவு உட்கார்ந்திருந்தான். கோல்ட் ரூம் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தான். ஊரே விசிறிக்கொண்டிருக்கும் வெயிலில் கழுத்துவரை ஜெர்கின், தலையில் மங்கி குல்லா. பார்க்கவே வேடிக்கையாக இருந்தது.

"எபியா? தங்கமான பையன். ஆனா கொஞ்சம் லூசு," என்றான் அப்பாவு.

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"பின்ன இன்னா மேடம்? ஊரு பத்திக்கினு எரியுது. கோல்ட் ரூம்ல வேல செய்யறதுக்குத்தான் இங்க அடிதடி. இவன் சூப்ரவைசர் கால்ல உழுந்து பாய்லர் பக்கம் மாத்திக்கினு போயிட்டான். போன வருசமே! பாய்லர் ஆளுங்க கோல்ட் ரூமுக்கு வரணும்னு கெஞ்சறானுங்க. இவன் அங்க போய் நெருப்புக்குப் பக்கத்துல குந்திக்கினு, ஜாலியா இருக்குதுங்கறான்."

"கோல்ட் ரூம்ல இருந்தப்ப எப்படி இருந்தான்?"

"கதவத் தொறந்தாலே பல்லக் கட்ச்சிக்குவான். ஒரு தபா பொட்டிய போட்டுட்டு வெளிய ஓடிப்போய் அழுதுக்கினு நின்னான். இன்னாடான்னா ஒண்ணியும் சொல்ல மாட்டான்."

பார்த்திபன் விழுந்து விழுந்து சிரித்தான். "மே மாசத்துல ஐஸ்கிரீம் ரூம உட்டுட்டு பாய்லருக்குப் போனவனா! மேடம், கிட்னியில ஒண்ணும் இல்ல, கட்டி மேல் மாடியிலதான்!" என்றவன் சிரிப்பு பாதியில் நிற்க, புருவத்தைச் சுருக்கினான். "இருங்க இருங்க. காத்தால அந்த ஆளு இப்பவும் கோல்ட் ரூம்தான்னு சொன்னாரே?"

"சொன்னார்."

"தான் எங்க வேல செய்யறோம்னு தனக்கே தெரியாதா?" சட்டென்று செல்போனை எடுத்தான். காலையில் நைசாக எடுத்து வைத்திருந்த எபினேசரின் போட்டோவைத் திறந்து அப்பாவு பக்கம் திருப்பப் போனான். சந்திரகலா அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அப்பாவு அதற்குள் இரண்டாவது டீக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான்.

காருக்கு வந்ததும் பார்த்திபன் பொரிந்தான். "ஒரே செகண்டு மேடம்! போட்டோவக் காட்டியிருந்தா இந்த எபி அந்த எபியான்னு தெரிஞ்சிருக்கும்!"

"தெரிஞ்சிருக்கும். சாயங்காலத்துக்குள்ள கம்பெனி முழுக்கத் தெரிஞ்சிருக்கும். ஒரு ஆளோட சோறு போயிருக்கும். நாம வந்தது சதைக்குச் சொந்தக்காரனைத் தேடி. அவனைப் பிடிச்சுக் குடுக்க இல்ல."

"அப்ப உங்களுக்கு ஆளு யாருன்னு தெரியும்!"

"சந்தேகம். அந்தக் கடையில கூல்டிரிங்க்ஸ் வாங்கிட்டு வா. ஐஸ் பெட்டிக்கு அடியில கெடக்கற பாட்டிலா பாத்து எடு."

"தாகமா?"

"கையில குடுத்தா வாங்கறானா இல்லையான்னு பாக்கணும். அவ்வளவுதான்."

யாருடைய கையில் என்று அவள் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம் என்று அன்று முழுவதும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

அவர்கள் திரும்பிப் போனபோது எபினேசர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போயிருந்தான். மெர்சி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டீவன் உள்ளே பாயில் கால் நீட்டி, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான்.

பார்த்திபனுக்குக் காலையில் ஸ்டீவன் சிரிக்காமல் போனது ஒரு குறையாகவே இருந்தது. யாரையும் சிரிக்க வைக்காமல் விட்டதில்லை என்பது அவனுக்குத் தன்னைப் பற்றி இருந்த பெருமை. கையில் பாட்டில்கள் ஜில்லென்று வியர்த்திருந்தன. பூனை மாதிரி உள்ளே போனான்.

"பார்த்தி!" என்றாள் சந்திரகலா பின்னாலிருந்து. அதற்குள் காரியம் நடந்துவிட்டது.

"ஊட்டிக்காரரே, எழுந்திரு, பனி பெய்யுது!" என்று சொல்லி, பாட்டிலை ஸ்டீவனின் முழங்கைக்குக் கீழே, சட்டை மேலாகவே, அழுத்தி வைத்தான்.

ஸ்டீவன் அலறினான்.

திடுக்கிட்டவன் கத்துகிற மாதிரி இல்லை. வெட்டுப்பட்டவன் கத்துகிற மாதிரி இருந்தது. கையை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் சுருண்டான். பாட்டில் உருண்டு சுவரில் முட்டி நின்றது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவமானத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நா... நா சும்மா வெளயாட்டுக்கு..." பார்த்திபன் இரண்டடி பின்னால் போனான்.

மெர்சி ஓடி வந்து தம்பியின் கையைத் தன் புடவைத் தலைப்பால் சுற்றிச் சூடு பறக்கத் தேய்த்தாள். "புள்ளைக்கு ஜில்லுன்னு பட்டா ஆவாது," என்றாள். அவள் திட்டவில்லை, சும்மா சொன்னாள். திட்டியிருந்தால் பார்த்திபனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சந்திரகலா பாயில் உட்கார்ந்தாள். "ஸ்டீவன், நான் பாக்கலாமா?"

அவன் திரும்பி உட்கார்ந்து, தானே பட்டனைக் கழற்றினான். முன்கையிலிருந்து தோள்வரை, தோல் நிறத்திலும் லேசான சிவப்பிலும், கொத்துக் கொத்தாகச் சின்னக் கட்டிகள், கொட்டிக் கிடக்கும் துவரம்பருப்பு மாதிரி. முழுக்கைச் சட்டைக்கு அர்த்தம் அதுதான். சூடான டீக்கும் அதுதான். சூப்பர்வைசர் காலில் விழுந்ததற்கும் அதுதான். பார்த்திபன் காலையிலிருந்து அடித்த ஜோக் ஒவ்வொன்றும் அந்தக் கையில் ஏற்கெனவே இருந்த வலியின் மேல் விழுந்திருக்கிறது. அவனுக்கு நிற்க இடம் தெரியவில்லை. போய்க் கதவோரமாக நின்றான்.

"பதினெட்டு வயசுலருந்து இருக்குது மேடம்," என்றான் ஸ்டீவன். "பெரிய வியாதின்னு ஜனம் ஒதுக்கிடும்னு மூடிக்கினே இருந்தேன். ஜில்லுன்னு பட்டா உள்ள ஊசி ஏத்துன மாதிரி இழுக்கும்."

"அண்ணன் பேர்ல வேலை பாக்கறது நீங்கதான்."

அவன் தலையசைத்தான். மிச்சத்தைச் சொன்னது, ஆட்டோவை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்ற எபினேசர்.

"ஐடிஐ முடிச்சது நானு. வேல கெடச்சது எனுக்கு. அடச்சி வெச்ச மாதிரி இருக்குதுன்னு ஒரே வாரத்துல ஓடியாந்துட்டேன். இவன் எட்டாவது ஃபெயிலு. மூஞ்சி ஒரே மாதிரிதான இருக்குது, நீ போடான்னு என் அட்டயக் குடுத்து அனுப்பிட்டேன். கான்ட்ராக்ட்காரருக்கு ஆளு வந்தா போதும், எந்த ஆளுன்னு யாரு பாக்கறாங்க?" அவன் குரல் இறங்கியது. "ஆஸ்பத்திரிலருந்து போன் வந்தப்பதான் இவன் அங்க போனதே எனுக்குத் தெரியும். கேட்டா, உடம்பு சூடு, பாய்லர் சூடு, சரியாப்பூட்ச்சிங்கறான். இவன அனுப்புனா ஆள் மாறாட்டம் தெரிஞ்சி வேல பூடும்னு நானே போனேன். ஸ்கேன் எடுத்தாங்க. ஒண்ணுமில்ல, நாங்கதான் மாத்திட்டோம், மன்னிச்சிடுங்கன்னாங்க. பெரிய பெரிய டாக்டருங்க எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க மேடம். நா ஊட்டுக்கு வந்து, டேய், உனுக்கு ஒண்ணுமில்லடான்னு பிரியாணி வாங்கிக் குடுத்தேன்."

அண்ணனின் நல்ல சிறுநீரகத்தை ஸ்கேன் எடுத்துத் தம்பிக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று குடும்பமே ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறது. டாக்டர் தமிழ்செல்வி ஒட்டிய லேபிள் தப்பே இல்லை. லேபிளில் இருந்த பெயர்தான் வேறொருவன் போட்டிருந்த சட்டை.

"ரத்தம் போனப்பவே அண்ணன்கிட்ட ஏன் சொல்லல ஸ்டீவன்?"

அவன் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். "கெட்ட சகவாசத்துல வர்ற சீக்குன்னு நெனச்சிக்குவாங்க. அப்புறம்... சொன்னா வெள்ளிக்கெழம ஊட்டு ஜெபத்துல ஜெபக்குறிப்பா வந்துடும். பாஸ்டர் மைக்குல சொல்வாரு. அக்காவுது வந்துச்சில்ல."

மெர்சியின் கை நின்றது.

சந்திரகலா அவள் பக்கம் திரும்பினாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "மெர்சி, உங்களுக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்களா?"

இதை யார் சொன்னது என்று கேட்கிற மாதிரி மெர்சி அண்ணனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"இருவத்தாறு வயசுல. உள்ள கட்டி கட்டியா இருந்துச்சி. ரத்தம் நிக்கல, எட்த்துட்டாங்க. குடும்பமே ஜெபிக்கணும்னு மாமியாருதான் பாஸ்டர்கிட்ட சொல்லுச்சி. மைக்குல என் பேரச் சொல்லி, கர்ப்பம் எடுக்கப்பட்ட சகோதரின்னாங்க. தெருவே கேட்டுச்சி. மறைவா இன்னா பாவம் பண்ணாளோன்னு மாமியாரு ஊருல சொல்லிக்கினு திரிஞ்சிது. அவரு வேற கட்டிக்கினாரு. நானும் பண்ணியிருப்பேனோ, எனக்கே தெரியாம எதுனா பாவம் பண்ணியிருப்பேனோன்னு தினம் முழங்கால் போட்டு யோசிப்பேன். ஒண்ணும் ஞாபகம் வரல."

"பாவம் இல்ல மெர்சி. தம்பி கையில இருக்கறதும், உங்க வயித்துல இருந்ததும், அவன் கிட்னியில இருக்கறதும் ஒரே கோளாறு. ஒரு புரதம் பிறவியிலயே குறைச்சல். உங்க அம்மாவோ அப்பாவோ குடுத்துட்டுப் போயிருக்காங்க, அவங்களுக்கே தெரியாம. எபினேசருக்கு அது வரலைன்னு நெனைக்கறேன். காலைல ஐஸ் தண்ணியைக் கையில கவுத்துக்கிட்டு அப்பாடான்னாரே."

எபினேசர் ஈரம் காய்ந்த தன் கைகளைப் பார்த்தான். ஒரு கட்டி இல்லை, ஒரு தழும்பு இல்லை. அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவன் போல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அம்மா வயித்துல கட்டி வந்துதான் செத்துச்சி," என்றான்.

"ஸ்டீவன் இன்னிக்கே வரணும். நாள் தள்ளினா பரவிடும், ஏற்கெனவே தள்ளிடுச்சு. மெர்சியும் வரணும், ஸ்கேன் பாக்கணும். எபினேசர் ரத்தம் குடுக்கணும். ஆனா இந்தத் தடவை அவங்கவங்க பேர்ல." சந்திரகலா நிறுத்தினாள். "நான் பொய் சொல்ல மாட்டேன். கம்பெனி ஆள் அங்கயே உக்காந்திருக்கார். வேலை போகும். கேஸ்கூட வரலாம்."

ஸ்டீவன் பட்டனை மாட்டிக்கொண்டு, "வேல போனா ஆட்டோ ஒண்ணுதான்க்கா, சோத்துக்கு?" என்று மெர்சியைக் கேட்டான். அவள் எழுந்து போய்ச் செருப்பைத் தேடினாள்.

காரைச் சந்திரகலா ஓட்ட, பார்த்திபன் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். பெரியபாளையம் தாண்டியதும் பின்சீட்டில் இருந்த ஸ்டீவனிடம் திரும்பி, "பிரதர்... கை இன்னும் வலிக்குதா?" என்றான்.

"இல்லண்ணா, உட்டுப்போச்சி. உங்களுக்கு இன்னா தெரியும்?" என்றான் ஸ்டீவன். அவன் ஆறுதல் சொல்லத்தான் சொன்னான். பார்த்திபன் மிச்ச வழியெல்லாம் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தான்.

*

சாயங்காலக் கூட்டம். வரவேற்பு மேஜையில் அந்தப் பெண். பக்கத்தில் அருணாச்சலம், மூக்கு நுனியில் கண்ணாடி. டாக்டர் தமிழ்செல்வி படியிறங்கி வந்து நின்றாள். சந்திரகலா அவள் காதில் இரண்டே வார்த்தை சொன்னாள்: "லேபிள் சரி."

தமிழ்செல்வியின் தோள்கள் இறங்கின. 'அப்பாடா' என்று வந்த மூச்சை, ஸ்டீவனின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் பிடித்து நிறுத்தினாள். எதற்குச் சந்தோஷப்பட்டோம் என்று புரிந்தபோது அவள் முகம் சிவந்துவிட்டது.

"பேர்?" என்றாள் மேஜைப் பெண்.

"ஸ்டீவன்." சொல்லிவிட்டு அவன் திரும்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் பெயரில் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் வீட்டுக்கும் சர்ச்சுக்கும் வெளியே அந்தப் பெயரை அவன் சொல்லியிருக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

ஸ்டீவன் சட்டைக் கை பட்டனைத் திருகினான். அருணாச்சலம் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். அண்ணன், தம்பி இரண்டு பேர் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், புதுச் சீட்டு, புது ஆள், வேலை பத்திரம். ஆனால் அந்தச் சதை மறுபடி சொந்தக்காரன் இல்லாத சதையாகிவிடும், எல்லாம் முதலிலிருந்து.

எபினேசர் முன்னால் வந்தான்.

"வந்திருக்கான்மா. என் பேர்ல வந்தான். அப்புறம் அவனுக்குப் பதிலா நா வந்து படுத்தேன். உங்க டாக்டரம்மா மேல எந்தத் தப்பும் இல்ல. சார், நீங்களும் எழுதிக்கங்க." சொல்லும்போது குரல் உடைந்தது. வரிசையில் நின்றிருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

அருணாச்சலம் பேனாவைத் திறந்தார்.

பின்னாலிருந்து மெர்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள்.

"அதுக்குக் கீழ என் பேரையும் போடும்மா. மெர்சி. கர்ப்பப்பை எட்த்துட்டாங்க. இன்னா வியாதின்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சிது," என்றாள். மைக் இல்லாமலே கூடத்தின் கடைசிவரைக்கும் கேட்டது.